படத்துக்கு வெளியே இருந்து வந்த வெப்பம்: லேண்ட்சாட் 8 வெப்ப உணரியில் நடந்தது

2013 கோடையில், பூமியைப் படம்பிடிக்கும் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் அனுப்பிய வெப்பப் படங்களில் ஏரிகள் எல்லாம் நிஜத்தைவிடச் சூடாகத் தெரிந்தன. ஒரு பட்டையில் (கருவி பார்க்கும் அலைநீள வரம்பில்) 2 டிகிரி போல, இன்னொன்றில் 4 டிகிரிக்கும் மேல். செயற்கைக்கோள் மேலே போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஏவுவதற்கு முன் வெற்றிட அறையில் நடந்த சோதனைகளில் கருவி தேறியிருந்தது. சுற்றுப்பாதைக்குப் போன பிறகும், கருவிக்குள்ளேயே வைத்து அனுப்பிய கரும்பொருள் (தன் வெப்பநிலைக்கேற்ற கதிரை முழுதாக வீசும் ஒப்பீட்டுப் பொருள்) எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஆய்வகம் சரி என்கிறது, உள்ளே இருக்கும் சாட்சியும் சரி என்கிறது, தரையில் கிடக்கும் தண்ணீர் மட்டும் இல்லை என்கிறது.

இந்த முரணை முழுதாக அவிழ்த்து முடிக்க ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் பிடித்தன. பூமியைப் பார்க்கும் உணரிகளின் அளவுத்திருத்தம் பற்றிப் பேச்சு வந்தால் நான் முதலில் எடுப்பது இந்த நிகழ்வைத்தான். அசட்டையாகச் செய்த சோதனையால் வந்த வினை இல்லை இது. செய்த சோதனைகள் அந்தந்தக் கேள்விக்குச் சரியான பதிலையே தந்தன. ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமல் நின்றுவிட்டது.

கருவியைப் பற்றிக் கொஞ்சம்

லேண்ட்சாட் 8, 2013 பிப்ரவரி 11 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து அட்லஸ் 5 ராக்கெட்டில் ஏறியது. 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி, 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வரும். மே 30 அன்று நாசா அதை அமெரிக்கப் புவியியல் ஆய்வகமான யுஎஸ்ஜிஎஸ்ஸிடம் ஒப்படைத்தது. அதில் இரண்டு கருவிகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதை ஒட்டிய அகச்சிவப்பையும் பார்ப்பது ஓஎல்ஐ. தரை தானாக வெளிவிடும் வெப்பக் கதிரைப் பார்ப்பது டிர்ஸ். நம் கதை இரண்டாவதைப் பற்றியது.

டிர்ஸ் இந்தத் திட்டத்தில் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தது. ஆரம்பத் திட்டத்தில் வெப்பக் கருவியே இல்லை. ஆனால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் தண்ணீர் கணக்குப் பார்ப்பவர்களுக்கு வெப்பப் படம் இல்லாமல் வேலை ஓடாது. வயலின் வெப்பத்தை வைத்துத்தான், பயிர் எவ்வளவு நீரை ஆவியாக விட்டது, யார் பங்குக்கு மேல் இறைத்தார்கள் என்பதெல்லாம் கணக்காகிறது. அவர்கள் விடாமல் கேட்டதில், 2009 இறுதியில் கருவியைச் சேர்ப்பதென்று முடிவாயிற்று. நாசாவின் காடர்ட் மையம் குறுகிய காலத்தில் அதைக் கட்டி முடித்தது. ஓஎல்ஐக்கு 5 ஆண்டு ஆயுள் கேட்டிருந்தார்கள், டிர்ஸுக்கு 3 ஆண்டுதான்.

கருவியின் அமைப்பு ரொம்பச் சிக்கல் இல்லை. முகப்பில் ஒரு சுழலும் கண்ணாடி. அது பூமி, கருவிக்குள் இருக்கும் கரும்பொருள், வெற்று விண்வெளி என்று மூன்று திசைகளில் எதை வேண்டுமானாலும் தொலைநோக்கிக்குக் காட்டும். அதன் பின்னால் நான்கு லென்ஸ்கள்: மூன்று ஜெர்மேனியம், ஒன்று ஜிங்க் செலினைடு. கடைசியில், 43 கெல்வினுக்கும் கீழே குளிரவைத்த மூன்று டிடெக்டர் அணிகள், ஒவ்வொன்றும் 640க்கு 512 புள்ளிகள். மூன்றையும் ஒரே வரிசையில் ஒட்டவைக்க முடியாது என்பதால் கொஞ்சம் முன்பின்னாக வைத்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அமைத்தார்கள். மூன்றும் சேர்ந்து 15 டிகிரி அகலத்தைப் பார்க்கும். தரையில் அது 185 கிலோமீட்டர்.

பட்டைகள் இரண்டு: 10ஆம் பட்டை 10.9 மைக்ரோமீட்டரைச் சுற்றி, 11ஆம் பட்டை 12 மைக்ரோமீட்டரைச் சுற்றி. 260 முதல் 330 கெல்வின் வரையான பொருள்களுக்குப் பிழை 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டு சாட்சிகளும் ஏன் ஒரே பக்கம் நின்றன

டிடெக்டர் தருவது வெறும் எண். அந்த எண் எவ்வளவு கதிர்வீச்சைக் குறிக்கிறது என்று சொல்வதுதான் அளவுத்திருத்தம். வெப்பக் கருவியில் அதன் அடிப்படை எளிது. வெற்று விண்வெளியைப் பார், அது பூச்சியம் மாதிரி. வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த கரும்பொருளைப் பார், அது எவ்வளவு கதிர் வீசும் என்று பிளாங்க் சூத்திரம் சொல்லிவிடும். இரண்டு புள்ளி கிடைத்தால் கோடு போட்டுவிடலாம். டிடெக்டர் அந்தக் கோட்டிலிருந்து வளைகிற வளைவை மட்டும் ஏவுவதற்கு முன்பே ஆய்வகத்தில் அளந்து, ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி அட்டவணையாக எழுதிவைத்துக்கொள்வார்கள்.

ஆய்வகத்தில் நடப்பதும் இதேதான், பெரிய அளவில். கருவியை வெற்றிட அறைக்குள் வைத்து, சுவர்களைக் குளிரவைத்து, முன்னால் ஒரு பெரிய கரும்பொருளை நிறுத்துவார்கள். அதன் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் என்ன எண் வருகிறது என்று குறிப்பார்கள். கரும்பொருளின் வெப்பமானிகள் தேசிய அளவுத்தரம் வரை சங்கிலியாக இணைக்கப்பட்டவை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தக் கரும்பொருள் கருவியின் பார்வைப் பரப்பை நிரப்புகிறது. அதற்கு வெளியே இருப்பது குளிர்ந்த சுவர். வெளியிலிருந்து உள்ளே ஒளி கசிகிறதா என்றால், கசிவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. சரி, கரும்பொருளை இன்னும் பெரிதாக்கி வெளிப்பக்கத்தையும் சூடாக நிரப்பியிருந்தால்? அப்போது கசிவு வரும், ஆனால் தெரியாது. உள்ளேயும் வெளியேயும் ஒரே வெப்பம் என்பதால் கசிந்து வந்ததும் டிடெக்டரின் உணர்திறனோடு கலந்துபோய், கோட்டின் சாய்வு கொஞ்சம் கூடியதாக மட்டும் பதிவாகும். யாருக்கும் சந்தேகம் வராது. கசிவைப் பிடிக்க ஒரே வழி, பார்வைப் பரப்பை இருட்டாக வைத்துவிட்டு, வெளியே பல கோணங்களில் ஒரு சின்னச் சூடான புள்ளியை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது. வெற்றிட அறைக்குள் இதைச் செய்ய நேரமும் வேண்டும், தனி உபகரணமும் வேண்டும். அவசரமாகக் கட்டிய கருவிக்கு அந்த அகலமான கோணங்கள் வரை சோதனை போகவில்லை.

விண்வெளியில் உள்ள கரும்பொருளும் இதே காரணத்தால் குருடு. சுழலும் கண்ணாடி அதன் பக்கம் திரும்பும்போது, பார்வைப் பரப்பின் சுற்றுப்புறம் என்பது கருவியின் உட்பாகம். அதன் வெப்பம் அதிகம் மாறாது. விண்வெளியைப் பார்க்கும்போது சுற்றிலும் குளிர். பூமியைப் பார்க்கும்போது மட்டும்தான் சுற்றிலும் சூடான தரை இருக்கிறது. கசிவு நடப்பது அப்போது மட்டும். அந்த நேரத்தில் கரும்பொருள் காட்சியிலேயே இல்லை. ஆகவே நாளுக்கு நாள் அது காட்டிய எண் அசையாமல் இருந்தது. அசையாத அந்த எண்ணை வைத்துக் கருவி நிலையாக இருக்கிறது என்று சொன்னது உண்மைதான். கருவி சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

தண்ணீர் சொன்ன கணக்கு

ஆக, கருவியோடு சேராத மூன்றாவது சாட்சி வேண்டும். வெப்பப் பட்டைகளுக்கு அது பெரிய நீர்ப்பரப்பு. தண்ணீர் ஏறக்குறைய கரும்பொருள் மாதிரியே கதிர் வீசும், அதன் உமிழ்திறன் 0.99 அளவில் (கரும்பொருளுக்கு 1). பரப்பு சீராக இருக்கும், வெப்பம் மெதுவாகத்தான் மாறும். இந்த வேலையில் இரண்டு குழுக்கள் இருந்தன. நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகம், கலிஃபோர்னியா–நெவாடா எல்லையில் உள்ள டாஹோ ஏரியிலும், தெற்குக் கலிஃபோர்னியாவின் சால்ட்டன் கடலிலும் நிரந்தரக் கருவிகளை நிறுத்தி வைத்திருக்கிறது. ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தினர், கடலிலும் பெரிய ஏரிகளிலும் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்த வானிலை மிதவைகளைப் பயன்படுத்தினார்கள்.

டாஹோ, சால்ட்டன் என்ற இந்த ஜோடி நல்ல தேர்வு. டாஹோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீட்டர் உயரத்தில், காற்று வறண்டது, தண்ணீர் குளிர்ந்தது. சால்ட்டன் கடல் மட்டத்துக்கும் கீழே, பாலைவனத்தில், கோடையில் நன்றாகச் சூடேறும். ஒன்று தவறவிட்டதை இன்னொன்று காட்டும்.

மிதவை வேலை கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போது நுணுக்கம். மிதவையின் வெப்பமானி தண்ணீருக்குள் முழுகி இருக்கிறது. செயற்கைக்கோள் பார்ப்பதோ மேல்தோல், மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு ஆழம். ஆவியாதலால் அந்த மேல்தோல் கீழே இருப்பதைவிடச் சில பத்தில் ஒரு டிகிரி குளிராக இருக்கும். காற்றின் வேகத்தையும் பகல் இரவையும் வைத்து அதைத் திருத்த வேண்டும். பிறகு நடுவில் உள்ள காற்று: நீராவி எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு தானே வீசும் என்று வளிமண்டல மாதிரியில் கணக்குப் போட வேண்டும். இத்தனையும் முடித்து, உச்சியில் வந்து சேர வேண்டிய கதிர்வீச்சு இவ்வளவு என்று ஓர் எண் கிடைக்கும். அதைக் கருவி சொல்லும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டபோது கிடைத்தது இது. 10ஆம் பட்டை 0.29 வாட் கூடுதலாகக் காட்டியது. 11ஆம் பட்டை 0.51 வாட். இங்கே வாட் என்று நான் சுருக்கிச் சொல்வது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஸ்டெரேடியனுக்கு (திண்மக் கோண அலகு), ஒரு மைக்ரோமீட்டருக்கு என்ற கணக்கில். 300 கெல்வினில் உள்ள கரும்பொருள் 10.9 மைக்ரோமீட்டரில் இந்த அலகில் சுமார் 9.6 வீசும். ஒரு டிகிரி ஏறினால் அது சுமார் ஒன்றரை சதவீதம் கூடும். அப்படியானால் 0.29 என்பது 3 சதவீதம், வெப்பத்தில் சொன்னால் சுமார் 2.1 கெல்வின். 11ஆம் பட்டைக்கு இதே கணக்கைப் போட்டால் 6 சதவீதத்தை நெருங்கி, சுமார் 4.4 கெல்வினில் நிற்கும். 2 சதவீத நிபந்தனை இரண்டு பட்டையிலும் மீறப்பட்டிருந்தது.

பிழை நிலையாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் எழுத வேண்டியிருக்காது. நிலையான எண்ணைக் கழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். ஆனால் அது அலைந்தது. ஒரு படத்தில் கூட, இன்னொன்றில் குறைய. சுற்றிலும் நிலம் சூடாக இருக்கும் கோடையில் அதிகம், குளிர்காலத்தில் குறைவு.

கோடு கோடாக

இன்னொரு தடயம் படத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. சீராக இருக்க வேண்டிய நீர்ப்பரப்பில் மெல்லிய கோடு கோடாக ஏற்ற இறக்கம். மூன்று டிடெக்டர் அணிகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்றேன் அல்லவா, அந்தப் பகுதியில் இரண்டு அணிகள் ஒரே தரையைப் பார்க்கின்றன. ஒரே தரைக்கு இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அதோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் படத்தின் நீளத்துக்கு மாறிக்கொண்டே போனது.

இந்த ஒரு கவனிப்பிலேயே பாதி சந்தேகங்கள் கழிந்துவிடும். டிடெக்டரின் உணர்திறன் மாறியிருந்தால் வித்தியாசம் நிலையாக இருந்திருக்கும். ஒரு படம் எடுக்க ஆகும் அரை நிமிடத்துக்குள் உணர்திறன் ஏறி இறங்காது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் கீழே உள்ள நிலம் மாறுகிறது. கடற்கரை வருகிறது, பாலைவனம் வருகிறது, மேகம் வருகிறது. வித்தியாசம் நிலத்தோடு சேர்ந்து மாறுகிறது என்றால், டிடெக்டர் தன் இடத்தில் இல்லாத நிலத்தையும் சேர்த்துப் பார்க்கிறது என்று அர்த்தம். கைபேசிக் கேமராவில் சூரியன் படச்சட்டத்துக்குச் சற்று வெளியே இருக்கும்போது படம் முழுதும் வெளிறிப்போகுமே, அதே சங்கதி. இங்கே சூரியனுக்குப் பதில், படத்துக்கு வெளியே பரந்து கிடக்கும் சூடான தரை. கண்ணால் பார்த்தவுடன் பிடிபடாததற்கும் அதுதான் காரணம். ஒரே ஒரு பிரகாசமான புள்ளி என்றால், சிதறிய ஒளியால் இல்லாத இடத்தில் எழும் பேய் உருவம் தெரியும். எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும் தரை என்றால் மெலிதான திரை மட்டும்தான் விழும்.

நிலவை வைத்துப் பிடித்தது

சந்தேகம் வந்த பிறகு நிரூபிக்க வேண்டும். ஆய்வகத்தில் செய்யாமல் விட்ட சோதனையை, இருட்டில் ஒரு சூடான புள்ளியை வைத்துச் செய்யும் சோதனையை, 705 கிலோமீட்டர் உயரத்தில் எப்படிச் செய்வது? இயற்கை அதற்கு ஒரு பொருளைத் தயாராக வைத்திருக்கிறது. நிலவு அரை டிகிரி அகலம்தான். வெயில் படும் பக்கம் கொதிநீரைவிடச் சூடு. சுற்றிலும் முழுக் குளிர். ஓஎல்ஐயின் அளவுத்திருத்தத்துக்காக லேண்ட்சாட் 8 மாதம் ஒருமுறை நிலவின் பக்கம் திரும்பிப் பார்ப்பது ஏற்கெனவே வழக்கம்.

2014இல் டிர்ஸுக்கென்று தனியாக நிலவுச் சோதனைகள் நடத்தினார்கள். இம்முறை நிலவைப் படத்துக்குள் கொண்டுவரவில்லை. வேண்டுமென்றே வெளியே நிறுத்தி, பல கோணங்களில் செயற்கைக்கோளைத் திருப்பிக்கொண்டே, டிடெக்டர்களில் ஏதாவது விழுகிறதா என்று பார்த்தார்கள். விழுந்தது. நிலவு சில குறிப்பிட்ட கோணங்களில் நின்றபோது டிடெக்டர் அணிகளில் மங்கலான பேய் உருவங்கள் எழுந்தன. எந்தெந்த இடத்தில் நின்றபோது எந்த அணியில் எழுந்தது என்று வரைந்து பார்த்தால், அச்சிலிருந்து சுமார் 13 டிகிரி விலகி ஒரு வளையம் போன்ற பகுதி கிடைத்தது. கருவியின் பார்வை அச்சிலிருந்து இருபக்கமும் ஏழரை டிகிரியோடு முடிந்துவிடுகிறது. தரையில் கணக்கிட்டால், 13 டிகிரி என்பது செயற்கைக்கோளுக்கு நேர் கீழிருந்து 160 கிலோமீட்டருக்குச் சற்று மேல். படத்தின் ஓரத்திலிருந்து 70 கிலோமீட்டர் தள்ளி உள்ள நிலம், படத்துக்குள் வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

மூன்று அணிகளுக்கும் அந்தப் பகுதி கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஏனென்றால் அணிகள் முன்பின்னாக நிற்கின்றன. ஓரங்களில் பதில் மாறியதற்குக் காரணம் இப்போது விளங்கியது.

அடுத்து, கணினியில் கருவியின் ஒளியியல் மாதிரியை எடுத்து, ஒளிக்கதிரைத் தலைகீழாக ஓடவிட்டார்கள்: டிடெக்டரிலிருந்து புறப்பட்டு வெளியே எங்கே போய்ச் சேர்கிறது என்று. பெரும்பாலானவை வழக்கமான பாதையில் போயின. சில மட்டும் மூன்றாவது லென்ஸுக்கு மேலே இருந்த ஓர் உலோக வளையத்தில் பட்டுச் சிதறி, நிலவுச் சோதனை காட்டிய அதே கோணத்துக்குப் போய்ச் சேர்ந்தன. லென்ஸைத் தன் இடத்தில் பிடித்துவைக்கும் சாதாரண வளையம் அது. ஒளியியலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாத பாகம்தான் இவ்வளவு வேலை வைத்தது. டிடெக்டர் பதிவுசெய்த மொத்தக் கதிரில் வெளியிலிருந்து வந்த பங்கு 10ஆம் பட்டையில் சுமார் 4 சதவீதம், 11இல் அதைப்போல் இருமடங்கு வரை போனது.

இதற்கு நடுவே 2014 டிசம்பரில், முகப்புக் கண்ணாடியின் நிலையைச் சொல்லும் மின்னணுப் பகுதியில் கோளாறு வந்து, அடுத்த மார்ச்சில் மாற்றுப் பகுதிக்குத் தாவ வேண்டியதாயிற்று. அதற்கும் கசிவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரே குழு இரண்டு தலைவலியையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டியிருந்தது.

தற்காலிக ஒட்டு

காரணம் தெரியும்வரை சும்மா இருக்க முடியாது, படங்களை உலகமே இறக்கிப் பயன்படுத்துகிறது. 2014 பிப்ரவரி 3 முதல் யுஎஸ்ஜிஎஸ், மேலே சொன்ன 0.29ஐயும் 0.51ஐயும் எல்லாப் படங்களிலிருந்தும் கழித்துத் தந்தது. சராசரி பிழை போயிற்று. சிதறல் போகவில்லை: 300 கெல்வினில் 10ஆம் பட்டைக்கு 0.9 கெல்வின் அளவிலும், 11ஆம் பட்டைக்கு 1.7 கெல்வின் அளவிலும் மிச்சம். அந்த இரண்டு எண்களும் பயிர்க்காலத்து வழக்கமான காட்சிகளை வைத்து வந்தவை. பனி மூடிய குளிர்காலப் படத்தில் அதே அளவைக் கழித்தால், இல்லாத பிழையைத் திருத்தப் போய்ப் புதுப் பிழை சேரும்.

யுஎஸ்ஜிஎஸ் அப்போது செய்த இன்னொரு காரியத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 11ஆம் பட்டையை நம்பி இரண்டு பட்டை முறையில் கணக்குப் போடாதீர்கள் என்று வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். புதுச் செயற்கைக்கோளின் பாதி வெப்பக் கருவியை ஒதுக்கி வை என்று அதை நடத்துபவரே சொல்வது சுலபமில்லை.

அந்த எச்சரிக்கை ஏன் அவசியம் என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். காற்றில் உள்ள நீராவி 12 மைக்ரோமீட்டரை 10.9ஐவிட அதிகம் உறிஞ்சும். அதனால் ஈரமான காற்றுக்கு மேலிருந்து பார்த்தால் 11ஆம் பட்டையின் வெப்பம் 10ஐவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அந்த வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு நீராவி என்று கொண்டு, தரையின் உண்மை வெப்பத்தை மீட்பதுதான் இரண்டு பட்டை முறை. வித்தியாசம் பொதுவாக ஒன்று இரண்டு டிகிரிதான் இருக்கும். இப்போது கசிவைச் சேருங்கள். 10ஆம் பட்டையில் 2.1 கூடுகிறது, 11இல் 4.4 கூடுகிறது. வித்தியாசத்திலிருந்து 2.3 டிகிரி காணாமல் போகிறது. ஒன்றரை டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 0.8 வரும். நீராவி நிறைந்த காற்றை, நீராவியே இல்லாததைவிட வறண்டது என்று கணக்கு சொல்லும். அதன்மேல் குணகங்கள் பெருக்கப்படும்போது பிழை இன்னும் ஊதும். எண் மட்டும் அழகாக, நம்பும்படியாக வெளியே வரும். அதுதான் ஆபத்து.

வெளியே இருப்பதை எப்படிக் கழிப்பது

கசிவு எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்ற வரைபடம் ஒவ்வொரு டிடெக்டருக்கும் கையில் வந்த பிறகு, திருத்தம் கோட்பாட்டளவில் நேரானது: அந்த நேரத்தில் வெளியே இருந்த நிலத்தின் வெப்பத்தை எடுத்து, வரைபடத்தின் எடைகளால் பெருக்கிக் கூட்டி, கழித்துவிடு. ஆனால் வெளியே இருந்ததை யார் பார்த்தது?

முதல் யோசனை, புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிற்கும் கோஸ் வானிலைச் செயற்கைக்கோளின் வெப்பப் படத்தை எடுத்துக்கொள்வது. அது பரந்த பரப்பைப் பார்க்கும், நுணுக்கம் குறைவு என்றாலும் கசிவுக் கணக்குக்குப் போதும். முறை வேலை செய்தது, கோட்பாடு சரி என்று உறுதியாயிற்று. தினசரி உற்பத்திக்குத்தான் ஒத்துவரவில்லை. ஒரு கோஸ் உலகம் முழுவதையும் பார்க்காது. நேரமும் சரியாகப் பொருந்தாது. இன்னொரு செயற்கைக்கோளின் தரவு வரும்வரை காத்திருப்பது என்றால் படம் வெளியிடும் சங்கிலியே அதன் தயவில் நிற்கும்.

கடைசியில் ஆரன் ஜெராஸ், மேத்யூ மொண்டனாரோ இருவரும் உருவாக்கிய முறையில் டிர்ஸையே சாட்சியாக வைத்தார்கள். செயற்கைக்கோள் நீளமான ஒரு நாடா போலப் படம் எடுத்துக்கொண்டே போகிறது. ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் 160 கிலோமீட்டரில் என்ன இருந்தது என்பதை, சில விநாடிகளுக்கு முன்னும் பின்னும் அதே கருவியே பார்த்திருக்கும். பக்கவாட்டில்தான் ஓட்டை: 185 கிலோமீட்டர் அகலத்துக்கு வெளியே உள்ளதை அது பார்ப்பதில்லை. அங்கே, ஓரத்தில் தெரியும் வெப்பமே வெளியேயும் நீள்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் இது பொருந்தும். படத்தின் ஓரத்தை ஒட்டியே கடற்கரை ஓடி, உள்ளே கடலும் வெளியே சுடும் நிலமும் என்றால் பொருத்தம் குறையும். கசியும் பங்கே சில சதவீதம் என்பதால் இந்த அனுமானத்தில் வரும் பிழை அதிலும் ஒரு சிறு பங்காகத்தான் முடியும்.

இந்தத் திருத்தம் 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது, பழைய படங்களும் மறுபடி தயாரிக்கப்பட்டன. மிதவைகளோடு ஒப்பிட்டபோது இரண்டு பட்டைகளும் 2 சதவீத நிபந்தனைக்குள் வந்தன. அணிகளுக்கு நடுவே இருந்த கோடுகளும் பெருமளவு மறைந்தன. சராசரி குறைவதைவிடக் கோடுகள் மறைவதுதான் எனக்கு வலுவான சான்று. சராசரியை எந்த எண்ணைக் கழித்தும் சரிசெய்துவிடலாம். நிலத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கோட்டை, காரணத்தைச் சரியாகப் பிடிக்காமல் அழிக்க முடியாது.

எதிர்த்திசையில் ஒரு நிகழ்வு

உள்ளே வைத்த சாட்சியே பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. 2011 அக்டோபர் 28 அன்று ஏவப்பட்ட சுவோமி என்பிபி என்ற பூமி நோக்குச் செயற்கைக்கோளில் உள்ள வீர்ஸ் என்ற படக் கருவியில் நேர்மாறாக நடந்தது. மேலே போன சில வாரங்களிலேயே அண்மை அகச்சிவப்புப் பட்டைகளில் உணர்திறன் வேகமாக இறங்கத் தொடங்கியது, மோசமான பட்டைகளில் காலப்போக்கில் கால் பங்குக்கும் மேல். இதைக் காட்டிக்கொடுத்தது கருவிக்குள் இருந்த சூரிய ஒளிப் பரப்பித் தகடு. சூரிய வெளிச்சம் அந்தத் தகட்டில் பட்டு, பூமியின் ஒளி வரும் அதே தொலைநோக்கிக் கண்ணாடிகள் வழியாக வருகிறது. கண்ணாடி கெட்டால் இரண்டும் சேர்ந்தே மங்கும். தகடும் தன் பங்குக்கு மங்கும் என்பதால் அதைத் தனியாகக் கண்காணிக்க இன்னொரு சிறு கருவியும் உண்டு. கண்ணாடிகளுக்குப் பூச்சுப் போட்டபோது டங்ஸ்டன் ஆக்சைடு கலந்துவிட்டதும், சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு அது கறுத்துப்போனதும் பிறகு தெரிந்தது. சரிவு போகப்போகத் தணிந்தது, நடுவில் குணகங்களை அடிக்கடி மாற்றித் தரவைக் காப்பாற்றினார்கள். கெடுதல் சாட்சியும் பூமியும் பகிர்ந்துகொள்ளும் பாதையில் இருந்ததால் உள்ளேயே மாட்டியது. டிர்ஸில் கெடுதல் இருந்தது பூமி மட்டும் போகும் பாதையில்.

டிர்ஸ் 2

லேண்ட்சாட் 9க்கான டிர்ஸ் 2 பெரும்பாலும் முதல் கருவியின் பிரதிதான். ஆனால் வளையத்தின் விஷயம் தெரிந்துவிட்டதால், வெளியிலிருந்து வரும் ஒளியை மறிக்கத் தொலைநோக்கிக்குள் தடுப்புகள் சேர்த்தார்கள். ஆயுளும் மாற்று மின்னணுப் பகுதிகளும் முந்தையதைவிடக் கூடுதலாகக் கேட்கப்பட்டன. முக்கியமாக, முதல் முறை கேட்காமல் விட்ட கேள்வியை இம்முறை ஏவுவதற்கு முன்பே கேட்டார்கள்: வெற்றிட அறையில், பார்வைப் பரப்புக்கு வெளியே பல கோணங்களில் சூடான மூலத்தை வைத்துக் கசிவை அளந்தார்கள். முதல் கருவியில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது குறைந்திருந்தது.

லேண்ட்சாட் 9, 2021 செப்டம்பர் 27 அன்று ஏறியது. தன் நிரந்தர இடத்துக்குப் போகும் வழியில், அதே ஆண்டு நவம்பரில் சில நாட்கள் அது லேண்ட்சாட் 8க்கு அடியிலேயே பறந்தது. ஒரே நிலத்தை, ஒரே காற்று வழியாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டும் பார்த்தன. கசிவைக் கணக்கில் கழித்த கருவியையும் கசிவைத் தடுப்பால் மறித்த கருவியையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

லேண்ட்சாட் 8இன் வெப்பப் படங்களோடு வேலை செய்பவர்களுக்கு நடைமுறையில் ஒன்று. கையில் பழைய கோப்புகள் இருந்தால் அவை எப்போது தயாரிக்கப்பட்டவை என்று கூடவே வரும் விவரக் கோப்பில் பாருங்கள். படம் எடுத்த தேதியைப் பார்த்துப் பயனில்லை, தயாரித்த தேதிதான் கணக்கு. 2014 பிப்ரவரிக்கு முன் தயாரித்தது என்றால் எந்தத் திருத்தமும் இல்லை. அதற்கும் 2017க்கும் நடுவே என்றால் நிலையான கழித்தல் மட்டும். திருத்தமே இல்லாததை ஒரே காலத்தொடரில் புதிய கோப்புகளோடு கலந்தால், ஏரி சில ஆண்டுகளில் இரண்டு டிகிரி குளிர்ந்துவிட்டதாக வரைபடம் காட்டும். பழையதை அழித்துவிட்டு யுஎஸ்ஜிஎஸ்ஸின் இப்போதைய இரண்டாம் தொகுப்பிலிருந்து (கலெக்ஷன் 2) மறுபடி இறக்கிக்கொள்வதே நல்லது, எல்லாமே இலவசம்.